பழைய டிகேன்டர் வாங்கப் போகிறீர்களா? மூடியில் இருந்து ஆரம்பியுங்கள்

கடைக்காரர் தூசியைத் தட்டிவிட்டு ஒரு பழைய டிகேன்டரை, அதாவது ஒயினை ஊற்றி மேசையில் வைக்கிற மூடி போட்ட கண்ணாடிச் சீசாவை, உங்கள் கையில் கொடுப்பார். "பெல்ஜியமுங்க, வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பீர்கள், வெட்டு வேலை எல்லாம் மின்னும், மனசு அங்கேயே போய்விடும். நானும் முதல் மூன்று வருடம் இப்படித்தான் வாங்கினேன். அப்போது வாங்கிய ஒன்பதில் இன்றைக்குச் சாப்பாட்டு மேசைக்கு வருவது இரண்டே இரண்டு. மீதி ஏழிலும் சீசா ஒரு இடத்தில் பிறந்தது, மூடி வேறு எங்கோ பிறந்தது. ஜாடிக்கேத்த மூடி என்று கல்யாண வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறோமே, பழைய டிகேன்டர் வாங்குகிறவர் அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு இந்த ஆசை அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் பிடித்தது. ஆனைமலைப் பக்கம் தோட்டத்து வீடு. வால்பாறை மேலே இருந்த எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பியபோது வீட்டுச் சாமான்களை விற்றிருக்கிறார்கள், அப்புச்சி மலையேறிப் போய் ஒரு தேக்கு மேசையும், அந்த மேசை மேல் இருந்த ஒரு கண்ணாடிச் சீசாவும் எடுத்து வந்தார். அது ஒயின் ஊற்றிவைக்கும் பாத்திரம் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்முச்சி அதில் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். மூடி எப்போதோ உடைந்துபோய், தேங்காய் நாரைச் சுருட்டி அடைத்திருந்தது. 1937 அக்டோபரில் ராஜாஜி ஆட்சியில் மதுவிலக்கு முதன்முதலில் வந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான், 1948இல் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. இந்தப் பக்கம் எனக்குக் கிடைத்த பழைய டிகேன்டர்களில் பாதிக்கு மேல் எண்ணெயும் தேனும் மண்ணெண்ணெயும் வாழ்ந்த பிசுக்கு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, பெயர்களை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம், ஏனென்றால் விற்கிறவர்கள் எல்லாவற்றையும் டிகேன்டர் என்றே சொல்வார்கள். மூடி உள்ளது டிகேன்டர். மூடியே இல்லாமல், வாய் கொஞ்சம் விரிந்து, வெங்காயம் மாதிரி வயிறு வைத்தது காராஃப். அது தண்ணீருக்கும், அன்றன்றைக்குக் குடித்துத் தீர்க்கிற ஒயினுக்கும். கைப்பிடியும் வெள்ளி மூக்கும் வைத்தது கிளாரட் ஜக். மூன்று சதுரச் சீசாக்களை ஒரு மரச் சட்டத்தில் நிறுத்தி மேலே குறுக்குக் கம்பி போட்டுப் பூட்டு வைத்திருந்தால் அது டான்டலஸ், லண்டனில் பெட்ஜமன் என்பவர் 1881இல் காப்புரிமை வாங்கியது. சாராய வகைகள் கண்ணுக்குத் தெரியும், சாவி இல்லாமல் எடுக்க முடியாது. சாவியும் மூன்று சீசாவும் ஒரே ஜோடியாக இருந்தால் மட்டும் டான்டலஸ் வாங்குங்கள், ஒன்று மாறியிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெல்ஜியம் என்கிற சொல்லை நம் ஊரில் பழைய கண்ணாடிக்கு எல்லாம் போடுகிறோம். பெல்ஜியத்தில் 1826இல் தொடங்கிய வால் சான் லாம்பேர் போன்ற பெரிய ஆலைகள் இருந்தன, உண்மைதான். ஆனால் இங்கே வந்து சேர்ந்ததில் இங்கிலாந்துச் சரக்கும் உண்டு, பொஹீமியச் சரக்கும் (இன்றைய செக் நாட்டுப் பக்கம்) உண்டு. பர்மிங்ஹாமின் ஆஸ்லர் கம்பெனி கல்கத்தாவிலேயே கடை வைத்து விற்றது. அதனால் ஊர்ப் பெயரைக் கேட்டு விலையை ஏற்றாதீர்கள். சீசா என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

மூடியும் கழுத்தும்

இங்கேதான் நான் அதிக நேரம் செலவு செய்வேன். மூடியைக் கழற்றும்போது இன்னொரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மூடியைப் பிடித்துக்கொண்டு சீசாவைத் தூக்கவே கூடாது. கழற்றிய மூடியின் தண்டையும் கழுத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள். இரண்டும் பனி படர்ந்த மாதிரி மங்கலாக இருந்தால் சாணை பிடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு மூடியையும் அதற்குரிய கழுத்துக்குள் வைத்து, நீரும் தேய்ப்புப் பொடியும் போட்டு, உட்காரும் வரை தேய்த்தார்கள். அதனால் ஒன்றின் மூடி இன்னொன்றில் சரியாக உட்காருவது அபூர்வம். பட்டறையில் கலந்துவிடக் கூடாது என்று மூடித் தண்டிலும், கழுத்து விளிம்பிலோ அடியிலோ, ஒரே எண்ணை வைர முனையால் மெலிதாகக் கீறி வைப்பார்கள். நகைக்கடையில் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அந்த லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல நாள். எண்ணே இல்லை என்றால் அதற்காகத் தள்ளிவிட வேண்டாம், எல்லா ஆலையும் எண் போடவில்லை.

மூடியைத் திரும்ப வைத்து, கட்டைவிரலால் மேலே லேசாக இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். ஆடக் கூடாது. கொஞ்சமாவது டக் டக் என்று சத்தம் வந்தால் அது வேற்று மூடி, அல்லது தண்டின் நுனி உடைந்து மறுபடி தேய்க்கப்பட்ட மூடி. தண்டின் நீளத்தையும் பாருங்கள்: நல்ல ஜோடியில் சாணை பிடித்த பகுதி கழுத்திலும் தண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கும். தண்டு கழுத்தில் பாதிகூட இறங்கவில்லை என்றாலோ, கழுத்தின் மங்கல் ஒரு விரல் அளவு மிச்சம் தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள்.

அப்புறம் வெட்டு வேலை. உடம்பில் வைர வைரமாக வெட்டியிருக்க மூடி மட்டும் வழுவழுவென்று இருந்தால் பெரும்பாலும் ஜோடி மாறியது. இதையும் தாண்டி ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ரூபாய் நோட்டு சரிபார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. இருட்டான மூலையில் சீசாவுக்கும் மூடிக்கும் மாறி மாறி அடித்துப் பாருங்கள். ஒரே உலையில் ஒரே கலவையில் பிறந்தவை ஒரே சாயலில் ஒளிரும். சீசா நீலச் சாயலிலும் மூடி மஞ்சள்பச்சைச் சாயலிலும் தெரிந்தால் இரண்டுக்கும் உறவே இல்லை. பச்சைப் பசேலென்று கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒளிர்ந்தால் அது யுரேனியம் கலந்த கண்ணாடி, அது தனி உலகம், இன்னொரு நாள் பேசலாம்.

முக்கியமான ஒன்று. கழுத்தின் உள்பக்கம் சாணையே பிடிக்காமல் வழுவழுப்பாக இருக்கிறது, ஆனால் கடைக்காரர் மூடி போட்டுக் கொடுக்கிறார் என்றால், உங்கள் கையில் இருப்பது காராஃபுக்கு எங்கிருந்தோ எடுத்துப் போட்ட மூடி. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதிச் சாமான்களில் சாணை இல்லாத மூடி உண்டு, ஆனால் அது நம் ஊர்ப் பழைய கடையில் உங்களுக்கு வந்து சேரப் போவதில்லை. காராஃப் என்ற பெயரில், காராஃப் விலைக்குக் கொடுத்தால் தாராளமாக வாங்குங்கள். நான் தினமும் எடுப்பது அப்படி வாங்கிய ஒன்றைத்தான்.

கழுத்து விளிம்பை விரலால் சுற்றித் தடவுங்கள். கண் ஏமாறும், விரல் ஏமாறாது. எங்காவது சட்டென்று மெலிந்தோ தட்டையாகவோ இருந்தால் உடைந்த இடத்தைத் தேய்த்து மறைத்திருக்கிறார்கள்.

அடியும் உடம்பும்

சீசாவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள், மூடியை எடுத்துவிட்டுத்தான். கையால் ஊதிச் செய்த சீசாவின் அடியில் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாயைச் செய்வார்கள், முடிந்ததும் கம்பியைத் தட்டி எடுப்பார்கள், அந்தத் தழும்பு நடுவில் நிற்கும். மிகப் பழையதில் அது கரடுமுரடாக இருக்கும், பிறகு வந்ததில் கட்டைவிரல் பதிக்கிற மாதிரி வட்டமாகத் தேய்த்து மெருகு போட்டிருப்பார்கள். இன்றைக்கும் கையால் ஊதுகிறவர்கள் இதே மாதிரிதான் செய்கிறார்கள் என்பதால் தழும்பு இருந்தால் போதும், பழசுதான் என்று முடிவு கட்ட வேண்டாம். அதைவிட நல்ல சாட்சி தேய்மானம். நூறு வருடம் மேசையில் இழுபட்ட சீசாவின் அடிவிளிம்பில், மேசையைத் தொடுகிற இடத்தில் மட்டும், மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் கோணல்மாணலாக ஓடும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதில் கோடுகள் ஒரே திசையில் வரிசையாக நிற்கும், மேசையைத் தொடாத இடத்திலும் இருக்கும். லென்ஸ் வைத்தால் நன்றாகத் தெரிந்துவிடும்.

அடியில் வாயால் ஹா என்று ஆவி ஊதுங்கள். ஆசிட் வைத்துப் பதித்த சின்ன முத்திரை இருந்தால் ஆவியில் எழுத்து எழும்பும். வாட்டர்ஃபோர்டு என்று வந்தால் சந்தோஷப்படலாம், ஆனால் பழங்கால அயர்லாந்துச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள்: 1783இல் தொடங்கிய அந்தப் பழைய ஆலை 1851இல் மூடப்பட்டது, அதே பெயரில் 1947இல் புதிதாகத் தொடங்கியதுதான் இந்த ஆசிட் முத்திரை போட்ட சரக்கு. கண்ணாடி அருமையானது, வயதுதான் வேறு.

வெட்டு வேலையா அச்சு வேலையா என்று கண்டுபிடிக்கக் கோலி சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் விரலை ஓட்டினால் மேலிருந்து கீழே ஒரு கோடு தட்டுப்படும், அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடம். டிகேன்டரில் அப்படிக் கோடு இருந்தால், வெட்டின் முனைகள் மழுங்கி சோப்புக்கட்டி மாதிரி இருந்தால், அது அச்சில் அழுத்தியது. கையால் வெட்டியதில் முனை கூர்மையாக இருக்கும், உற்றுப் பார்த்தால் ஒரு வைரம் இன்னொரு வைரத்தைவிட மயிரிழை பெரிதாக இருக்கும். அச்சு வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. வெட்டு வேலை விலைக்கு அச்சு வேலையை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

நகத்தால் தோள்பட்டைக்குக் கீழே சுண்டினால் ஈயக் கண்ணாடி மணி மாதிரி இழுத்து ஒலிக்கும், சாதாரணக் கண்ணாடி டொக் என்று நின்றுவிடும். தடித்த டிகேன்டர் நல்ல ஈயக் கண்ணாடியாக இருந்தாலும் அடக்கித்தான் ஒலிக்கும், அதனால் ஒலியை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனக்கிறதா என்பது இன்னும் நல்ல குறி. ஒலி திடீரென்று கரகரத்தால் மட்டும் நின்று பாருங்கள், எங்கோ விரிசல் இருக்கிறது.

இன்னொன்று, உள்ளே மங்கல். நீர் தேங்கி நின்று கண்ணாடியையே அரித்துவிட்டால் பால் மாதிரி ஒரு மங்கல் வரும், அது எதைப் போட்டாலும் போகாது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் ஓட விட்டால் தற்காலிகமாகப் பளிங்கு மாதிரி தெரியும். அப்படித் தேய்த்துக் காட்டியதை நானே ஒருமுறை 2,800 ரூபாய் கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுக் கழுவியதும் அழுதிருக்கிறேன். கழுத்துக்குள் டிஷ்யூத் தாளை விட்டுத் துடைத்துப் பாருங்கள். ஈரமான சீசாவை வாங்காதீர்கள், காய்ந்த பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

வயதைக் குத்துமதிப்பாகச் சொல்ல

ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் 1674இல் லண்டனில் புதுக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார், அடுத்த சில வருடங்களில் ஈயம் சேர்த்த கலவை நிலைபெற்றது. கனமான, மென்மையான, வெட்டுக்கு வசதியான கண்ணாடி அங்கிருந்துதான் வருகிறது. 1745இல் பிரிட்டன் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டது, அதனால் அங்கே சீசாக்கள் மெலிந்தன. அயர்லாந்துக்கு 1780இல் ஏற்றுமதிச் சுதந்திரம் கிடைத்ததும் தடித்த வெட்டு வேலை அந்தப் பக்கம் செழித்தது. கழுத்தில் மூன்று வளையம், மேலே காளான் மாதிரி மூடி, கீழே அகன்ற உடம்பு என்றால் அந்தக் காலத்து வடிவம் (வடிவம் என்றுதான் சொல்கிறேன், அதை நகல் எடுத்தவர்கள் நிறையப் பேர்). அந்த வரி 1845இல் ஒழிந்தது, அதன் பிறகு விக்டோரியா காலத்து உருண்டை வயிறும் நீளக் கழுத்தும் வைத்த கனத்த டிகேன்டர்கள் குவிந்தன. நம் மலைத் தோட்டங்களுக்கு வந்தவை பெரும்பாலும் இந்தக் காலத்துக்குப் பிந்தையவையாகத்தான் இருக்க முடியும், ஆனைமலையில் பெரிய அளவில் தோட்டம் போட ஆரம்பித்தது 1890களில்தானே.

கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் சின்ன வெள்ளித் தகடு கிடைத்தால் விடாதீர்கள். போர்ட், ஷெர்ரி, மடேரா என்று உள்ளே இருக்கும் ஒயினின் பெயர் எழுதியிருக்கும். டிகேன்டரில் ஊற்றிவிட்டால் எது எது என்று தெரியாதே, அதற்காக 1730கள் வாக்கில் வந்த பழக்கம். 1860இல் இங்கிலாந்தில் மளிகைக் கடைகளே ஒயினை ஒற்றை பாட்டிலாக, லேபிள் ஒட்டி விற்க அனுமதி வந்த பிறகு இந்தத் தகடுகளுக்கு வேலை குறைந்தது. தகட்டிலோ கழுத்துப் பட்டையிலோ நடக்கிற சிங்கம் முத்திரை இருந்தால் அசல் இங்கிலாந்து வெள்ளி, பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். ஈ.பி.என்.எஸ். என்று எழுத்து இருந்தால் வெள்ளி முலாம்.

எங்கே தேடுவது

கோயமுத்தூரில் உக்கடம் பழைய சாமான் கடைகளில் ஞாயிறு காலை போய் வாருங்கள், பத்துத் தடவையில் ஒரு தடவை ஏதாவது கிடைக்கும். ஆனால் எனக்கு அதிகம் கொடுத்தது பழைய இரும்புக்கடைக்காரர்களும், பழைய பித்தளை எடுக்கிறவர்களும்தான். பொள்ளாச்சி, உடுமலை, கோபி பக்கம் பழைய வீடு இடிக்கிறபோது சாமான் எடுக்கப் போகிறவர்கள் அவர்கள். எடைக்கு வாங்குகிறவருக்குக் கண்ணாடி ஒரு காசு பெறாது, அங்கேயே கல்லோடு போட்டுவிட்டு வருவார். "அண்ணா, மூடி போட்ட கண்ணாடிச் சீசா ஏதாச்சும் வந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க, மூடியத் தனியாப் போட்றாதீங்க" என்று சொல்லி வையுங்கள். இரண்டாவது பாதி முக்கியம். அப்படிச் சொல்லிவைத்த ஒருவர் ஒருநாள் காங்கேயத்தில் இருந்து பேசி, "ஏனுங்க, உங்க சீசா ஒன்னு வந்திருக்குதுங்க, மூடிய எம்பட சட்டைப்பையிலேயே வெச்சிருக்கறனுங்க" என்றார். அந்த டிகேன்டர்தான் இன்றைக்கும் என்னிடம் உள்ளதில் சிறந்தது. 900 ரூபாய் கேட்டார், 1,200 கொடுத்தேன்.

ஊட்டி, குன்னூர், ஏற்காடு பக்கம் பழைய பங்களா கைமாறும்போது சாமான் விற்பார்கள், அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கும், பாலக்காடு தாண்டி மட்டாஞ்சேரி யூதர் தெருவுக்கும் ஒரு நடை போய் வருவது நல்லது, வாங்குவதற்காக மட்டும் இல்லை, பத்து கடையில் நாற்பது சீசாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் கை பழகிவிடும். விலை அங்கே ஏறித்தான் இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் மூடி கழற்றிய படம், அடியின் படம், மூடியைத் தனியாக வைத்த படம் மூன்றும் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அடுத்ததைப் பாருங்கள். மூடி இல்லாத டிகேன்டருக்கு நான் கால் பங்கு விலைக்கு மேல் கொடுப்பதில்லை, வேற்று மூடி போட்டதற்கும் அதே கணக்குதான்.

பஸ்ஸில் கொண்டுவரும்போது மூடியைக் கழற்றித் தனியாகத் துண்டில் சுற்றுங்கள், சீசாவை வேட்டியில் சுற்றி மடியில் வையுங்கள், மேலே சாமான் வைக்கும் கம்பித் தட்டு வேண்டவே வேண்டாம். 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக 1972ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது, அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று நினைக்கிறவர்கள் அதையும் மனதில் வையுங்கள்.

கழுவுவது

ஸ்டீல் தொட்டியில் கழுவாதீர்கள், பிளாஸ்டிக் அன்னக்கூடையில் கெட்டித் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். கொதிநீர் கூடாது, தடித்த கண்ணாடி ஒரு பக்கம் சூடாகி இன்னொரு பக்கம் குளிர்ந்திருந்தால் பட்டென்று விட்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஒரு கைப்பிடிப் பச்சரிசி, கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுநீர், மூன்றையும் உள்ளே போட்டுச் சுழற்றுங்கள், குலுக்கி அடிக்க வேண்டாம். மணல் போட்டுத் தேய்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், உள்பக்கம் கீறிவிடும். வெள்ளையாகப் படிந்த உப்புக்கறைக்கு வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, ஒரு மணி நேரம், பிறகு நன்றாக அலசிக் கொட்டிவிடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் போர்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் மறுபடி உப்புப் பூக்கும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், மற்றவர்கள் ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றிச் சுழற்றினால் போதும்.

காயவைப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். டிஷ்யூத் தாளைத் திரி மாதிரி நீளமாக முறுக்கிக் கழுத்து வழியாக அடிவரை விட்டு ஒரு இரவு வையுங்கள், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். முழுக்கக் காயாமல் மூடியைப் போட்டால் நான் மேலே சொன்ன பால் மங்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அலமாரியில் வைக்கும்போதும் மூடியைத் தளர்வாக வையுங்கள், அல்லது கழுத்துக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு மெல்லிய தாள்.

மேசைக்கு வரும்போது: ஈயம்

இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். பழைய கட் கிளாஸ் டிகேன்டர் என்றால் அதில் ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் ஈயப் படிகம் என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 24 சதவீதம் ஈய ஆக்சைடு இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஈயம் உள்ளே இருக்கும் பானத்தில் மெதுவாக இறங்கும், புளிப்பு அதிகமானால், நேரம் அதிகமானால், இறங்குவதும் அதிகம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்து 1991இல் வந்த ஆய்வு இதை அளந்தே காட்டியது: ஊற்றிய சில நிமிடங்களிலேயே ஒயினில் ஈயம் கொஞ்சம் சேர ஆரம்பித்திருந்தது, மாதக்கணக்கில் டிகேன்டரில் கிடந்ததில் மிக அதிகமாக ஏறியிருந்தது.

அதனால் என் வீட்டில் வைத்திருக்கும் முறை இது. ஈயக் கண்ணாடியில் சாப்பிட உட்காரும் முன் ஊற்றுவோம், எழுந்ததும் காலி செய்து கழுவிவிடுவோம். எலுமிச்சை, நன்னாரி சர்பத், மோர், புளி சேர்ந்த பானகம் எதுவும் அதில் போகாது. ராத்திரி முழுக்கத் தண்ணீர்கூட அதில் நிற்காது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் இருந்து எதையும் ஊற்றுவதில்லை, விருந்தாளி முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தினசரித் தண்ணீருக்குச் சாதாரண சோடாக் கண்ணாடி காராஃப், கையில் கனக்காமல், சுண்டினால் டொக் என்று சொல்கிறதே அதுதான், தாராளமாக வைக்கலாம்.

ஒயின் வைக்கிற வீடாக இருந்தால், பழைய போர்ட் ஒயினில் அடியில் வண்டல் படியும், அதைப் பிரித்து எடுக்கத்தான் டிகேன்டரே பிறந்தது. பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வைத்துவிட்டு, கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். வண்டல் கழுத்துக்கு வருவது வெளிச்சத்தில் தெரியும், அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். 750 மில்லி பாட்டிலுக்கு ஒரு லிட்டர் பிடிக்கிற டிகேன்டர் சௌகரியம்.

எங்கள் வீட்டில் அதிகம் ஊற்றுவது இளநீர். பொள்ளாச்சிக்காரர்கள் வேறு எதை ஊற்றுவோம். நாலு இளநீரை வடிகட்டி சோடாக் கண்ணாடி காராஃபில் ஊற்றி, சந்தகைக்கு (இடியாப்பம்) பக்கத்தில் வைத்தால் அந்தக் கண்ணாடிக்கு வருகிற ஒளி ஒயினில் வருவதைவிட அழகு என்று எனக்குத் தோன்றும். கோடையில் விடிகாலையில் தெளுவு (பதநீர்) கிடைத்தால் அதுவும், ஆனால் அது வெயில் ஏற ஏறப் புளிக்கும், உடனே குடித்துவிட வேண்டும். தண்ணீர் நிறைந்த உருண்டைக் கண்ணாடியை ஜன்னல் வெயிலில் வைக்காதீர்கள், பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து மேசைவிரிப்பைப் பொசுக்கிவிடும். காலியாக இருந்தாலும் வெயில் வேண்டாம், மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடி வருடக்கணக்கில் வெயில் பட்டால் ஊதா பாய்ந்துவிடும்.

மூடி சிக்கிக்கொண்டால், மூடி இல்லாவிட்டால்

சிக்கிய மூடியை முறுக்கி இழுக்காதீர்கள், கழுத்து கையோடு வந்துவிடும். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தைச் சுற்றி இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் வெதுநீரில் நனைத்த துணியைக் கழுத்துக்கு மட்டும் ஒரு நிமிடம் சுற்றி, மரக்கரண்டிக் காம்பால் மூடியை இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு, மெதுவாக. வரவில்லை என்றால் மறுபடி எண்ணெய். எனக்கு ஒன்று பதினொரு நாள் ஆனது.

மூடி இல்லாத சீசா கையில் இருந்தால், கழுத்தின் உள் அகலத்தை மேலேயும் கீழேயும் வெர்னியர் அளவுகோலில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாள் எப்போதும் பர்ஸில் இருக்கட்டும். அனாதை மூடிகள் எங்கே கண்டாலும் பத்து இருபது ரூபாய்க்கு வாங்கி ஒரு டப்பாவில் சேருங்கள். அளவு மயிரிழை பெரிதாக இருக்கும் மூடியைக் கழுத்துக்குச் சேர்த்துத் தேய்க்க முடியும். நம் கோயமுத்தூர்ப் பட்டறைகளில் வால்வு தேய்க்கிற பசை கிடைக்கிறதே, அதில் மிக நைசானதைத் தண்ணீரோடு தடவி, கையாலேயே கால் சுற்று அந்தப் பக்கம் கால் சுற்று இந்தப் பக்கம் என்று பொறுமையாகத் தேய்க்க வேண்டும். ஈரம் காயவே கூடாது, அந்தத் தூளில் ஈயம் இருக்கும். மெஷினில் வைக்கக் கூடாது. விலை உயர்ந்த சீசாவில் இதைச் செய்யாதீர்கள், தேய்த்த மூடியை அசல் என்று சொல்லி யாருக்கும் விற்காதீர்கள்.

அப்புச்சியின் சீசாவை நான் இன்னும் தேய்க்கவில்லை. விளக்கெண்ணெய் போன பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அதன் கழுத்து விளிம்பில் 14 என்று கீறியிருப்பது தெரிந்தது. எண் போட்ட ஆலைகள் பல இருந்ததால் 14 என்கிற மூடி உலகத்தில் எத்தனையோ இருக்கும். இதுவரை இரண்டு கிடைத்தன, ஒன்று மட்டாஞ்சேரியில், ஒன்று ஈரோட்டில் ஒரு பழைய கடையில். இரண்டுமே வைத்துப் பார்த்தால் ஆடுகின்றன. நான் தேடுகிற மூடி இது: தண்டு மேலே 23 மில்லிமீட்டர், கீழே 20, உருண்டைத் தலை, எட்டுப் பட்டை வெட்டு. உங்கள் கண்ணில் பட்டால் சட்டைப்பையில் போட்டு வையுங்கள்.